நுரைப்பலகையில் வாத்து செதுக்குவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு

நான் செதுக்கிய முதல் பொம்மை வாத்து தண்ணீரைப் பார்க்கவே இல்லை. மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து வெட்டி, அராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் டப்பாவில் வரும் ஸ்பிரே பெயின்டை அதன் முதுகில் அடித்தேன். அரை நிமிடத்தில் முதுகு குழிந்தது. இன்னும் சிறிது நேரத்தில் கறையான் தின்ற கட்டை போல ஆகிவிட்டது. ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீன் நுரையைச் சர்க்கரையைப் போலக் கரைத்துவிடும் என்பதை அன்றுதான் கற்றேன். தின்னர், பெட்ரோல், அசிட்டோன், கரைப்பான் கலந்த ரப்பர் பசை, பாலியெஸ்டர் ரெசின் எல்லாமே அதே வேலையைச் செய்யும். இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சி பசை, தண்ணீரில் கலக்கும் மரப்பசை, தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பெயின்ட் ஆகியவற்றால் நுரைக்குத் தீங்கில்லை. சந்தேகமான எதையும் முதலில் வெட்டி எறிந்த துண்டில் தடவிப் பார்த்துவிட்டு வாத்தின் மீது தடவுங்கள்.

வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடும் இந்தப் பொம்மைகளைப் பார்த்து, மேலே பறக்கும் வாத்துகள் “கீழே நம் கூட்டம் நிம்மதியாக இருக்கிறது” என்று நம்பி இறங்குகின்றன. ஆங்கிலத்திலிருந்து வந்த டிகாய் என்ற சொல்லைத்தான் இப்போது பலர் சொல்கிறார்கள். பழந்தமிழில் இன்னும் அழகான சொல் இருக்கிறது: தன் இனத்தை ஈர்ப்பதற்காக வேடன் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்குக்குப் ‘பார்வை’ என்று பெயர். நாம் செய்யப்போவது நுரையால் ஆன பார்வை. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து ஈர்ப்பதை அமெரிக்கா 1935இல் தடை செய்தது. பொம்மைக்குத் தடையில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவதே குற்றம். ஆகவே நீங்கள் இருக்கும் இடத்தில் உரிமம், பருவம், பறவை வகை, மோட்டார் வைத்த பொம்மைக்கான விதி ஆகியவற்றை முதலில் பாருங்கள். துப்பாக்கியே தொடாமல், மறைவிடத்தில் கேமராவோடு உட்காருபவர்களுக்கும் இதே பொம்மை உதவும்; ஆனால் இறங்கும் பறவையைக் கலைப்பது பற்றியும் விதிகள் இருக்கலாம்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். இறகு இறகாக வரைவதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்பவர் மிதப்பைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. வாத்து வருவது மேலிருந்து, வேகமாக, தொலைவிலிருந்து. அதன் கண்ணில் முதலில் படுவது உருவத்தின் வெளிக்கோடு, தண்ணீரில் அது உட்கார்ந்திருக்கும் விதம், பளபளப்பு ஆகிய மூன்றும்தான். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924இல் தோண்டியெடுத்த பொம்மை வாத்துகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானவை. கோரையைக் கட்டிச் செய்த அவற்றில் முக்கால்வாசித் திறமை உடலின் வளைவில் இருக்கிறது. வண்ணம் சில இடங்களில் பூசியிருந்தார்கள், இறகும் செருகியிருந்தார்கள். ஆனாலும் உருவம் சரியில்லாவிட்டால் இறகு செருகி என்ன பயன்?

எந்த நுரை

இரண்டு வகை கிடைக்கும். தெர்மாகோல் என்று நாம் அழைக்கும் வெள்ளை நுரை, மணி மணியாகச் சேர்த்து அழுத்தியது. அதைக் கத்தியால் வெட்டினால் மணிகள் உதிரும், கையிலும் உடையிலும் ஒட்டிக்கொள்ளும், அராவிய மேற்பரப்பு சொரசொரப்பாகவே நிற்கும். இரண்டாவது, கட்டடங்களில் வெப்பத்தைத் தடுக்கப் பயன்படுத்தும் அழுத்திப் பிழிந்த பலகை. நீலம், இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் வரும். எக்ஸ்பிஎஸ் என்ற பெயரில் கேட்டால் தருவார்கள். இதன் அறைகள் மூடியவை, தண்ணீரை மிகக் குறைவாகவே குடிக்கும், அராவினால் பொடியாகத்தான் விழும். புதியவர்கள் இதையே எடுங்கள். 5 செ.மீ. தடிமன் உள்ள பலகை இரண்டை ஒட்டினால் 10 செ.மீ. உயரம் கிடைக்கும், ஒரு வாத்தின் உடலுக்கு அது போதும். வெள்ளை நுரைதான் கையில் இருக்கிறது என்றால் அடர்த்தி கூடியதைத் தேடுங்கள்: விரலால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழாததாக இருக்க வேண்டும்.

உதிரும் தூள் பற்றி ஒரு சொல். இந்தப் பொருள் மட்காது, காற்றில் பறக்கும், நீர்நிலைக்குப் போனால் பறவையும் மீனும் இரை என்று கொத்தும். வெளியே புல்வெளியில் உட்கார்ந்து அராவாதீர்கள். பெரிய அட்டைப்பெட்டியை ஒரு பக்கம் திறந்து அதற்குள் வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் தூசு உறிஞ்சியால் எடுத்து மூட்டை கட்டிவிடுங்கள். முகக்கவசம் போடுங்கள். சூடான கம்பியால் வெட்டுபவர்கள் சன்னலைத் திறந்து, புகைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

அளவும் அட்டை மாதிரியும்

மல்லார்ட் எனப்படும் பச்சைத்தலை வாத்து அலகு முதல் வால் வரை 50 முதல் 65 செ.மீ. இருக்கும். அதற்கான பொம்மையின் உடலை, தலையை விட்டுவிட்டு, 38 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளுவை வாத்து சிறியது, முழு நீளமே 34 முதல் 38 செ.மீ.தான், அதற்கு 26 செ.மீ. உடல் போதும். உண்மையான அளவைவிடச் சற்றே பெரிதாகச் செய்தால் தொலைவிலிருந்து எளிதில் தெரியும், வாத்தும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஆனால் தூக்கிச் சுமப்பவர் நீங்கள் என்பதை மறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் பொம்மையாக நாமக்கோழியைச் செய்யச் சொல்வேன். உருண்டை உடல், கறுப்பு நிறம், வெள்ளை அலகு. கை பழகவும் எளிது, கோணலாக வந்தாலும் வீணாகாது. உண்மையான வாத்துக் கூட்டத்தின் ஓரத்தில் நாமக்கோழிகள் மேய்வது இயல்பு என்பதால், பொம்மைக் கூட்டத்தின் ஓரத்தில் இரண்டைப் போட்டால் பார்வைக்கு நம்பிக்கை கூடும்.

கெட்டி அட்டையில் இரண்டு மாதிரிகள் வெட்டுங்கள். ஒன்று மேலிருந்து பார்க்கும் உருவம்: மார்பில் வட்டமாகத் தொடங்கி, நடுவில் அகன்று, வாலை நோக்கி ஒடுங்கும். இன்னொன்று பக்கத்திலிருந்து பார்க்கும் உருவம்: மார்பு எழும்பி, முதுகு மெல்லச் சரிந்து, வால் சற்றே தூக்கி நிற்கும். மேலோட்டமாக மேயும் வாத்துகளுக்கு வால் தண்ணீரிலிருந்து எழும்பி இருக்கும். முங்கி இரைதேடும் வாத்துகள் தாழ உட்காரும், வால் தண்ணீரைத் தொடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டாலே உங்கள் பொம்மை எந்த இனம் என்பது நூறு மீட்டருக்கு அப்பாலும் தெரியும். நல்ல பக்கவாட்டுப் புகைப்படத்தை அளவுக்குப் பெரிதாக்கி அச்செடுத்து மாதிரியாகப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்டுதல், ஒட்டுதல், அராவுதல்

இரண்டு பலகைகளையும் ஒட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. காய்ந்த பசை நுரையைவிடக் கடினமானது. வெளிவிளிம்பு வரை பசை தடவிவிட்டால், பின்னர் அராவும்போது நுரை இறங்கும், பசைக்கோடு இறங்காது. முதுகில் ஒரு வரப்பு நிற்கும். ஆகவே வெட்டப்போகும் கோட்டிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. உள்ளே தள்ளியே பசை போடுங்கள். ஈரத்தில் விரிந்து நுரைக்கும் பாலியூரிதேன் பசை நன்றாகப் பிடிக்கும், கொஞ்சமே தடவ வேண்டும். இரவு முழுவதும் ஏதாவது சுமை ஏற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர் சார்ந்த மரப்பசை இரண்டு நுரைகளுக்கு இடையே காற்றுப் படாமல் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதனால் இந்த வேலைக்கு அது வேண்டாம்.

அடுத்து நடுக்கோடு. கட்டியின் மேல், கீழ், முன், பின் நான்கு பக்கமும் ஓடும்படி மார்க்கர் பேனாவால் ஒரே கோடு போடுங்கள். அராவ அராவ அது அழியும், அழிந்தவுடன் மீண்டும் போடுங்கள். கோடு இல்லாமல் கண்ணளவில் செதுக்கினால் வாத்து ஒரு தோள் இறங்கி, சுமை தூக்கியவனைப் போல நிற்கும்.

மேலுருவத்தை வரைந்து செங்குத்தாக வெட்டுங்கள். பிறகு பக்க உருவத்தை வரைந்து வெட்டுங்கள். கையில் நீளமான மெல்லிய அலகுள்ள கத்தி இருந்தால் போதும். அடிக்கடி தீட்டுங்கள், மழுங்கிய கத்தி நுரையை வெட்டாமல் கிழிக்கும். இப்போது உங்களிடம் இருப்பது விளிம்புகள் கூராக உள்ள ஒரு கட்டி. விளிம்புகளை முதலில் 45 பாகைச் சாய்வாகச் சீவுங்கள், பிறகு அந்தச் சாய்வின் இரு விளிம்புகளையும் சீவுங்கள். சதுரம் எட்டுப்பட்டையாகும், எட்டுப்பட்டை உருளும். மரத்துக்குப் பயன்படுத்தும் முரட்டு அரத்தால் அராவி, 60 எண் உப்புத்தாள், பிறகு 100 எண் உப்புத்தாள். அதற்கு மேல் போகாதீர்கள். இதன்மேல் சாக்குத் துணி வரப்போகிறது. பளிங்கு போலத் தேய்த்தவருக்கும் தேய்க்காதவருக்கும் கடைசியில் ஒரே முகம்தான் கிடைக்கும்.

வால் நுரையாகவே இருந்தால் முதல் பயணத்திலேயே உடையும். 4 முதல் 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் வாலின் வடிவத்தை வெட்டி, உடலின் பின்புறம் ஒரு வெட்டுப்பள்ளம் போட்டு, எபாக்சி வைத்துச் செருகுங்கள். உள்ளே குறைந்தது 6 செ.மீ. போக வேண்டும்.

அடிப்பலகை என்பது நுரையின் அடியில் ஒட்டும் 18 மி.மீ. ஒட்டுப்பலகை. உடலின் கீழ்ப்புற உருவத்தைவிட ஒரு விரல் உள்ளே தள்ளி வெட்டி, பாலியூரிதேன் பசையால் ஒட்டுங்கள். இது எதற்கு என்று மிதப்பைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

தலை

தலையை மரத்தில் செய்யுங்கள். நுரைத்தலையின் அலகு ஒரு பருவம்கூடத் தாங்காது. பைன் போன்ற மென்மையான மரம் போதும். மரத்தின் இழை அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அலகு ஒடியும். 5 செ.மீ. தடிமன் உள்ள துண்டில் பக்கத்தோற்றத்தை வரைந்து அறுத்து, கன்னங்களைச் சீவி, அலகை இரு புறமும் ஒடுக்குங்கள். மல்லார்ட்டுக்கு அலகு நுனியிலிருந்து பின்தலை வரை 12 செ.மீ. சுமாராக வரும். கண்ணாடிக் கண் தேவையில்லை. ஓர் ஆணியின் தலையளவுக்குக் கறுப்புப் புள்ளி வையுங்கள், போதும்.

தலையின் நிலைதான் கூட்டத்தின் மனநிலையைச் சொல்லும். கழுத்தை நீட்டி நிமிர்ந்த தலை என்றால் வாத்து எதையோ கண்டு பயந்திருக்கிறது என்று பொருள். பன்னிரண்டு பொம்மை செய்தால் இரண்டு மட்டும் அப்படி இருக்கட்டும். மற்றவை கழுத்தை உள்ளிழுத்து, தலையைத் தோள்களுக்கிடையே புதைத்து, சில ஒரு பக்கம் திரும்பியும் சில தூங்குவது போல அலகை முதுகில் வைத்தும் இருக்கலாம். எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்த்தால் அணிவகுப்பு போல் இருக்கும். நல்ல வேளையாக இதைச் செய்வது எளிது: மரத்தலையின் அடிப்பாகம் தட்டையாக இருந்தால் எந்தக் கோணத்திலும் திருப்பிப் பொருத்தலாம்.

பொருத்துவதற்கு 6 மி.மீ. மரையிட்ட கம்பி ஒன்று. தலையின் அடியில் துளையிட்டு எபாக்சியால் அதை நிறுத்துங்கள். நுரையிலும் அடிப்பலகையிலும் நேராகத் துளையிட்டுக் கம்பியை இறக்கி, அடியில் அகன்ற வாஷரும் நட்டும் போட்டு இறுக்க வேண்டும். இறுக்கும்போது தலை நுரையை நசுக்கிக் கீழே இறங்கிவிடும் என்பதால், கழுத்து உட்காரும் இடத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள மெல்லிய ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றை முன்கூட்டியே ஒட்டிவையுங்கள். இப்போதைக்குப் பொருத்திப் பார்த்துக் கழற்றி வையுங்கள். உடலுக்குச் சாக்கு உடுத்திய பிறகுதான் தலையை நிரந்தரமாக ஏற்ற வேண்டும்.

சாக்கு உடுத்துதல்

வெறும் நுரை மீது பெயின்ட் அடித்தால் ஒரு சிறு கல் பட்டாலும் பள்ளம் விழும், அதில் நீலமோ இளஞ்சிவப்போ பல்லைக் காட்டும். சணல் சாக்குத் துணி இந்தக் குறையை நீக்கும். அதன் நெசவு இறகின் சொரசொரப்பைத் தானாகவே தருகிறது; நனைந்தாலும் பளபளக்காது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

துணியை முதலில் சோப்பு இல்லாமல் வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். துணி வெண்மையாகத் தெரிவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருள்கள் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக ஒளிரும். மனிதக் கண்ணுக்கு எட்டாத புற ஊதாவை வாத்தின் கண் பார்க்கும். தண்ணீரைத் தாங்கும் மரப்பசையை, ஐரோப்பியத் தரப்படி டி3 அல்லது டி4 என்று குறித்திருப்பதை, தூரிகையால் உடல் முழுவதும் தடவுங்கள். துணியை முதுகின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி இழுத்து ஒட்டுங்கள். மார்பிலும் வால் அடியிலும் துணி மடியும். அங்கே கத்தரிக்கோலால் முக்கோண வெட்டுப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வையுங்கள். விளிம்பை அடிப்பலகையின் அடியில் மடித்து ஸ்டேப்ளர் ஊசி அடியுங்கள். பிறகு பசையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியின் மேல் இன்னொரு பூச்சு. நெசவு நிரம்பிவிடக் கூடாது, நூல் மட்டும் ஊற வேண்டும். ஒரு நாள் காயவிடுங்கள். காய்ந்ததும் விரலால் தட்டினால் பறை போல ஒலிக்கும். உள்ளங்கையில் பசை ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் வராது. பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது தலையை ஏற்றி, கம்பியை இறுக்கி, கழுத்து இணையும் இடத்தை மரத்தூள் கலந்த எபாக்சியால் நிரப்புங்கள்.

மிதப்பு

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடலின் நீர்மட்டப் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ. அது ஒரு செ.மீ. அமிழ வேண்டுமானால் அரைக் கிலோ எடை வேண்டும். செதுக்கி முடித்த நுரையோ 110 முதல் 120 கிராம்தான் இருக்கும். அதை அப்படியே விட்டால் 2, 3 மி.மீ. அமிழ்ந்து, காய்ந்த இலை போலக் காற்றில் வழுக்கிச் சுற்றும். உயிருள்ள வாத்து அப்படி மிதக்காது. கனமாக, தண்ணீரில் பதிந்து உட்காரும், அலை வரும்போது மெதுவாக ஏறி இறங்கும். கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த பிளாஸ்டிக் வாத்துகளின் பெரிய குற்றம் இந்தத் துள்ளல்தான்.

அடிப்பலகை இங்கேதான் உதவுகிறது. 18 மி.மீ. ஒட்டுப்பலகை 400 கிராமுக்குக் குறையாது, அதுவும் கீழே, வேண்டிய இடத்தில். தலை, சாக்கு, பசை எல்லாம் சேர்ந்து இன்னொரு கால் கிலோ. அடியில் வைக்கும் கட்டையும் எடையும் மிச்சத்தை நிரப்பினால் மொத்தம் ஒரு கிலோ அளவில் வந்து நிற்கும். நீர்மட்டம் அடிப்பலகையைத் தாண்டி நுரையைத் தொடும். நடந்து தொலைதூரம் சுமப்பவர்கள் 9 மி.மீ. பலகை வைத்து முக்கால் கிலோவில் நிறுத்திக்கொள்ளலாம். காற்று பலமான பெரிய நீர்நிலைக்குப் போகிறவர்கள் குறைக்காதீர்கள்.

படகுக்காரர்கள் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டையை 22 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிமன், 3 செ.மீ. ஆழம் என்று வெட்டுங்கள். உடலின் நடுக்கோட்டில் நேராக வர வேண்டும், கோணலாக வைத்தால் பொம்மை எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும். அதன் அடியில் இரும்புக் கம்பித் துண்டு ஒன்றைப் பொருத்தலாம், 150 கிராமில் தொடங்குங்கள். ஈயம் வேண்டாம். வாத்துகள் இரைப்பைக்காகப் பொடிக்கல் விழுங்கும் பழக்கம் உடையவை, ஈயத் துணுக்குகளை அப்படியே விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டைத் தடை செய்தது இதனால்தான்.

எதையும் உடனே திருகாணி போட்டு இறுக்காதீர்கள். கட்டையை ரப்பர் வளையங்களால் உடலோடு கட்டி, குளியல் தொட்டியிலோ பெரிய தொட்டியிலோ மிதக்கவிடுங்கள். முன்பக்கம் அமிழ்ந்தால் கட்டையைப் பின்னால் தள்ளுங்கள், வால் அமிழ்ந்தால் முன்னால். பக்கவாட்டில் சாய்ந்தால் பெரும்பாலும் தலை ஒரு புறம் திரும்பியிருப்பதுதான் காரணம். கட்டையை அரை செ.மீ. எதிர்ப்புறம் நகர்த்துங்கள். சரியானதும் கோடு போட்டுக் குறித்து, எபாக்சியும் துருப்பிடிக்காத திருகாணிகளும் வைத்துப் பொருத்துங்கள்.

கடைசிச் சோதனை: பொம்மையைத் தலைகீழாகத் தண்ணீரில் போடுங்கள். தானாகப் புரண்டு நிமிர வேண்டும். நிமிராவிட்டால் எடை போதவில்லை, அல்லது எடை உடலுக்கு மிக அருகில் இருக்கிறது; கட்டையின் ஆழத்தை ஒரு செ.மீ. கூட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இருட்டில், குளிரில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக நிமிர்த்திவைத்த அனுபவம் உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிட மாட்டார்கள்.

வண்ணம்

வெளிச்சுவருக்குப் பூசும், பளபளப்பே இல்லாத அக்ரிலிக் எமல்ஷன் எடுங்கள். டப்பாவில் மேட் என்று இருக்க வேண்டும். பாதிப் பளபளப்பு என்று எழுதியிருப்பதும் ஆகாது. அடிப்பலகை, கட்டை, வால், தலை எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு, மரத்தின் வெட்டுமுனைகளுக்கு மூன்று. ஈரம் அங்கேதான் ஏறும்.

ஆண் மல்லார்ட்டைத் தொலைவிலிருந்து பாருங்கள். பச்சைத்தலை, கழுத்தில் வெள்ளை வளையம், சிறகில் நீலப் பட்டை என்று நீங்கள் படித்ததெல்லாம் தெரியாது. முன்னால் ஒரு கருமை, நடுவில் ஒரு வெளிறல், பின்னால் மீண்டும் ஒரு கருமை. அவ்வளவுதான். அந்த மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும்: மார்பு கருஞ்செம்பழுப்பு, விலா வெளிர் சாம்பல், வால் அடி கறுப்பு. அதற்குப் பிறகு பச்சையும் வளையமும் உங்கள் மனநிறைவுக்கு. அலகு ஆணுக்கு மஞ்சள், பெட்டைக்கு ஆரஞ்சில் கருந்திட்டு.

பெட்டைக்குச் சாக்கின் நிறமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. முதுகை ஈரமண் நிறத்தில் இருட்டாக்கி, விலாவை வெளிறவிட்டு, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வைக்கோல் நிறத்தை நெசவின் மேல் உரசினால் போதும். பருவத் தொடக்கத்தில் ஆண் வாத்துகளும் இறகு உதிர்த்து, பெட்டை போலவே பழுப்பாகத்தான் இருக்கும். ஆகவே முதல் ஆறு பொம்மைகளையும் பழுப்பாகவே செய்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

பெயின்ட் காய்ந்ததும் பொம்மையை நனைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எங்காவது மின்னினால் அந்த இடத்தில் பசை தடித்துவிட்டது என்று பொருள். லேசாக உப்புத்தாள் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுங்கள்.

கயிறும் நங்கூரமும்

கட்டையின் முன்முனையில் ஒரு துளை, பின்முனையில் ஒரு துளை. சில பொம்மைகளைப் பின்துளையில் கட்டினால் அவை காற்றுக்கு வேறு கோணத்தில் நிற்கும், கூட்டம் உயிரோட்டமாகத் தெரியும். கயிறு பச்சையோ பழுப்போ கறுப்போ ஆன முறுக்கு நைலான். வெள்ளைக் கயிறு தெளிந்த தண்ணீரில் மேலிருந்து கோடு கோடாகத் தெரியும். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் விடுங்கள். அமைதியான குட்டைக்கு 100 கிராம் நங்கூரம் போதும், அலை அடிக்கும் இடத்துக்கு 250 கிராம் வரை வேண்டியிருக்கும். நங்கூரத்துக்கும் ஈயம் தவிர்த்து, இரும்பு வளையமோ சிமெண்ட் உருண்டையோ வையுங்கள். கயிற்றைக் கட்டையில் சுற்றி, கடைசிச் சுற்றில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் மூட்டைக்குள் சிக்கல் விழாது.

தண்ணீரில் வைக்கும்போது

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி உட்காருங்கள், பொம்மைகளை உங்கள் எதிரே பரப்பி, நடுவில் இறங்க இடம் காலியாக விடுங்கள். பொம்மைகளுக்கிடையே ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளி, ஆனால் அளந்து நட்டதுபோல் வேண்டாம்: இரண்டு இங்கே, மூன்று அங்கே, ஒன்று ஒதுங்கி. தொலைவில் உள்ள பொம்மையை உங்களிடமிருந்து 35 மீட்டருக்குள் வைத்தால் அதுவே தூரத்துக்கான அடையாளமாகவும் ஆகும். அதற்கு அப்பால் உள்ள பறவையைச் சுட வேண்டாம். எல்லாம் வைத்த பிறகு கரையில் நின்று பார்க்காதீர்கள். குனிந்து, நீர்மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள்: எது சாய்ந்திருக்கிறது, எது மின்னுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வீடு திரும்பியதும் ஈரத்தோடு மூட்டை கட்டாதீர்கள், சாக்கு பூஞ்சணம் பிடிக்கும். மூடிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவிடவும் கூடாது: இந்த நுரை ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும், அடர்நிறம் பூசிய பொம்மை கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும், உடல் கொப்பளித்துப் போகும். அலமாரியில் எலி வராத இடமாகப் பார்த்து வையுங்கள். எலிக்கு இந்த நுரையைக் கொறிப்பதில் அப்படி என்ன சுகமோ தெரியவில்லை, சாக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் குடித்தனமே நடத்தும்.

கிழிந்த சாக்குக்கு ஒட்டுப்போடலாம், உடைந்த வாலைப் புதிதாகச் செருகலாம், பெயின்டை ஆண்டுக்கு ஒருமுறை தொட்டுவிடலாம். என் இரண்டாவது வாத்து இன்னும் தண்ணீருக்குப் போய் வருகிறது. ஒரு தோள் சற்று இறங்கித்தான் இருக்கும், நடுக்கோடு போடாமல் செதுக்கியது.